சயாமா, ஹார்ட் டிஸ்க்கை அழிக்க விடாதீர்கள்

கேள்வி: தட்டோனில் கோவில் மண்டபத்தில் சனி, ஞாயிறுகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். 2010-இல் என் அண்ணன் ரங்கூனிலிருந்து அனுப்பிய கணினிதான் இன்றும் இருக்கிறது. கோர் 2 டுவோ, 2 ஜிபி நினைவகம், விண்டோஸ் 7. இத்தனை ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த பாடங்கள், தேர்வுத் தாள்கள், பாட்டிமார் பாடக் கேட்டு எழுதி வைத்த தாலாட்டுகள் எல்லாம் அதில்தான் உள்ளன. அனைத்தும் பாமினி எழுத்துரு. நான்கு மாதங்களாகப் பென் டிரைவைச் செருகினால் கோப்புகள் காணவில்லை, ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் தெரிகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'நிர்வாகி முடக்கியிருக்கிறார்' என்கிறது. சேஃப் மோடுக்குப் போனால் நீலத்திரை வந்து நின்றுவிடுகிறது. ஆண்டி வைரஸ் இந்த விண்டோஸுக்கு இனி ஆதரவில்லை என்கிறது. தம்பி மகன் இன்னொரு ஆண்டி வைரஸையும் போட்டான், அதன் பிறகு கணினி எழுந்து நிற்கவே பத்து நிமிடம் ஆகிறது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி 2009-க்குத் திரும்பிவிடுகிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் சி டிரைவை ஃபார்மட் செய்தார்கள், ஒரே வாரத்தில் பழைய கதை. இப்போது 'எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், இல்லையென்றால் புதியது வாங்குங்கள்' என்கிறார்கள். பாடங்களை இழக்காமல் சுத்தம் செய்ய வழி உண்டா?

— பிள்ளைகள் 'சயாமா' (பர்மிய மொழியில் ஆசிரியை) என்று அழைக்கும் ஒரு தமிழாசிரியை

அன்புள்ள சயாமாவுக்கு,

உங்கள் கடிதத்தில் தாலாட்டுகளைப் பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன். விண்டோஸை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். கணினியே வேறொன்று கிடைக்கும். தட்டோனில் ஒரு பாட்டி பாட, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்ட பாட்டு அந்த டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லை. ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்கிறேன். கணினியை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியவற்றை எப்படிப் பத்திரமாக வெளியே கொண்டுவருவது என்பதைத்தான் நான் முதலில் சொல்லப்போகிறேன். அது முடிந்தபின் அந்தப் பழைய விண்டோஸைச் சுத்தம் செய்யவே தேவையிருக்காது.

இதைப் படிக்கும் நேரத்தில் கணினி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். இணையத் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள். பிள்ளைகளின் பென் டிரைவ் எதையும் இனி அதில் செருக வேண்டாம். ஏற்கெனவே செருகியவற்றைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பாடம் காணாமல் போய்விட்டதே என்ற பதற்றத்தில் அந்த ஷார்ட்கட்டைச் சொடுக்கிப் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு சொடுக்கும் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் புழுவை, அதாவது தானாகப் பரவும் தீய நிரலை, மறுபடி எழுப்பிவிடுகிறது.

நீங்கள் சொன்ன தொல்லைகளில் ஒன்று வைரஸே இல்லை. தேதி 2009-க்குத் திரும்புவது மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துபோனதால். சிஆர் 2032 என்று பெயர், 3 வோல்ட், ஒரு நாணயத்தின் அளவு. மின்சாரம் இல்லாத நேரத்தில் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டால், மின்சாரம் முழுவதும் போய் வரும்போதெல்லாம் கணினி தான் பிறந்த காலத்துத் தேதிக்குப் போய்விடும். இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று வருவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஒவ்வொரு இணையதளமும் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். இது 2009 என்று நம்பிக்கொண்டிருக்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை. கைக்கடிகாரம் பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் இந்தப் பேட்டரி கிடைக்கும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழையதை நகத்தால் நெம்பி எடுத்து, எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி புதியதை அழுத்தினால் போதும். வைரஸ் என்று சொல்லி இந்தக் கோளாறுக்கும் சேர்த்துப் பணம் வாங்குவோர் இருக்கிறார்கள், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மற்றவை உண்மையான நோய். அதுவும் ஒன்றல்ல, இரண்டு என்றே நினைக்கிறேன்.

பென் டிரைவில் ஷார்ட்கட் மட்டும் தெரிவது ஒருவகைப் புழுவின் வேலை. அது உங்கள் கோப்புகளை அழிப்பதில்லை. அவற்றை மறைத்து வைத்துவிட்டு, பென் டிரைவின் பெயரிலேயே ஒரு ஷார்ட்கட்டை உருவாக்குகிறது. அதைச் சொடுக்கினால் புழுவும் ஓடும், உங்கள் கோப்புகளும் திறக்கும். அதனால் பலர் பல மாதங்களுக்குச் சந்தேகமே படுவதில்லை. சில வகைப் புழுக்கள் எல்லாக் கோப்புகளையும் பெயரில்லாத ஒரு கோப்புறைக்குள் தள்ளிவிடுகின்றன. பெயர் இல்லாமல் இல்லை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி எழுத்தைப் பெயராக வைத்திருக்கும். ஆகவே, பிள்ளைகளின் வீட்டுப்பாடம் போய்விட்டது என்று யாரும் அழ வேண்டாம். அது அங்கேயேதான் இருக்கிறது.

டாஸ்க் மேனேஜர் முடங்கியதும் சேஃப் மோடு நீலத்திரையாவதும் வேறு கதை. 2003-லிருந்து உலவும் சாலிட்டி என்ற குடும்பத்து வைரஸ்களின் கைவரிசை இப்படித்தான் இருக்கும். கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு நிரல் கோப்பிலும், அதாவது பெயரின் கடைசியில் இஎக்ஸ்இ என்று முடியும் கோப்புகளில், தன்னை ஒட்டிக்கொள்ளும். ஆண்டி வைரஸை நிறுத்தும். டாஸ்க் மேனேஜரைப் பூட்டும். சேஃப் மோடுக்குத் தேவையான பதிவுகளை அழித்துவிடும். பிறகு நீங்கள் அந்த வழியாக உள்ளே வர முடியாது. கடையில் ஃபார்மட் செய்தும் ஒரு வாரத்தில் திரும்பி வந்ததன் காரணமும் இதுவே. அவர்கள் சி டிரைவை மட்டும் அழித்தார்கள். டி டிரைவில் பழைய மென்பொருள்களின் நிறுவல் கோப்புகள் இருந்திருக்கும். பாமினியைத் தட்டச்சு செய்ய ஏதோ ஒன்று, பிரின்டருக்கு ஒன்று என்று. அவற்றில் ஒன்றை நீங்கள் சொடுக்கியதும் வைரஸ் புது வீட்டுக்குள் குடிவந்துவிட்டது.

இப்போது ஆண்டி வைரஸ் ஏன் கைகொடுக்கவில்லை என்பது புரியும். நோய் பிடித்த விண்டோஸுக்குள்ளேயே ஓடும் ஆண்டி வைரஸ், திருடன் சாவிக்கொத்தை வைத்திருக்கும் வீட்டில் காவல் காப்பது போன்றது. இரண்டு ஆண்டி வைரஸ்களை ஒன்றாகப் போட்டால் ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று பிடித்து இழுக்கும். 2 ஜிபி நினைவகம் அதற்கே தீர்ந்துவிடும். தம்பி மகன் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். இதற்கெல்லாம் மேல் விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று முடித்துக்கொண்டது. குரோம் உலாவி 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. இன்று ஒரு நல்ல ஆண்டி வைரஸைத் தேடிப்பிடித்துப் போட்டாலும், அது காப்பாற்ற வேண்டிய விண்டோஸில் அடைக்கப்படாத ஓட்டைகள் அப்படியே இருக்கும். அதனால் அந்தப் பழைய விண்டோஸுக்குள் உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். உங்கள் நாள்களும் போகும், நம்பிக்கையும் போகும்.

கடைக்காரர் சொன்ன இரண்டு வழிகளுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. கணினியை வெளியிலிருந்து எழுப்பி, பாடங்களை நகலெடுத்து, பிறகு அந்த டிஸ்க்கை அழிக்காமலே கழற்றி வைத்துவிடுவது. காலியான இடத்தில் எஸ்எஸ்டி என்ற புதுவகைச் சிறிய டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, அதில் புதிய இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வது. 120 ஜிபி போதும், சாட்டா வகை என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் மதர்போர்டில் உள்ள அதே கம்பிகளில் பொருந்தும். நீங்கள் எதையாவது நகலெடுக்க மறந்திருந்தால் பழைய டிஸ்க் அலமாரியில் காத்திருக்கும். இருபது ஆண்டுகளாக ரங்கூனில் அனோரத்தா சாலைப் பக்கம் கணினி பழுது பார்க்கிறேன். 'எல்லாம் எடுத்தாயிற்று, அழித்துவிடலாம்' என்று உறுதியாகச் சொன்னவர்களில் பாதிப்பேர் மறுவாரமே 'ஒரு கோப்பு விட்டுப்போயிற்று' என்று வந்து நின்றிருக்கிறார்கள்.

வெளியிலிருந்து எழுப்புவது எப்படி? நோயில்லாத வேறொரு கணினி வேண்டும். அண்ணனிடம் இருக்கும், அல்லது ரங்கூனுக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லி அனுப்பலாம். 8 ஜிபி புதிய பென் டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். லினக்ஸ் மின்ட் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, இறக்க ஏறத்தாழ 3 ஜிபி ஆகும். டேட்டாவுக்குக் காசு கொடுத்து மாளாது என்றால் பப்பி லினக்ஸ் இருக்கிறது. அதன் பதிப்புகள் பெரும்பாலும் ஒரு ஜிபிக்குள் அடங்கும், முழுவதும் நினைவகத்திலேயே ஓடும். எழுதித் தருபவரிடம் ரூஃபஸ் என்ற மென்பொருளையும், பழைய கணினிக்கு என்பதால் எம்பிஆர் முறையையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். இது முக்கியம். புதிய கணினிகளுக்கான முறையில் எழுதினால் கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸுக்கு அந்தப் பென் டிரைவ் கண்ணில் படாது.

பென் டிரைவைச் செருகிக் கணினியைப் போட்டதும் எஃப் 12 விசையை விட்டுவிட்டு அழுத்திக்கொண்டே இருங்கள். சில மதர்போர்டுகளில் எஃப் 8 அல்லது எஃப் 11. எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும், பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். 'நிறுவு' என்ற பேச்சுக்கே இப்போது போக வேண்டாம், 'முயன்று பார்' என்பதை எடுங்கள். இப்போது ஓடுவது லினக்ஸ். உங்கள் விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கிறது, அதனுள் இருக்கும் வைரஸும் தூங்கிக்கொண்டிருக்கிறது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட அந்த நிரல்களுக்கு இங்கே எழுந்து நடக்கக் கால்கள் இல்லை. இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. விண்டோஸ் மறைத்துவைக்கும் கோப்புகளை லினக்ஸ் பொதுவாக மறைப்பதில்லை. டப்பாவில் போட்டு வைத்த பென் டிரைவ்களில் ஒன்றைச் செருகிப் பாருங்கள். பெயரில்லாத கோப்புறை கண்ணுக்குத் தெரியும், அதைத் திறந்தால் காணாமல்போன வீட்டுப்பாடங்கள் வரிசையாக இருக்கும்.

டி டிரைவைத் திறக்கும்போது 'இதில் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும்' என்று வந்தால் பதற வேண்டாம். மின்வெட்டில் விண்டோஸ் சரியாக அணையாமல் போயிருந்தால் அப்படி வரும். நமக்குப் படிக்க முடிந்தால் போதும். எழுத முடியாமல் இருப்பது ஒருவகையில் நல்லதுதான். ஆனால் டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு கோப்பைத் திறக்க நிமிடக்கணக்கில் ஆனாலோ உடனே நிறுத்திவிடுங்கள். அது இயந்திரமே தேய்ந்துபோனதன் அடையாளம். அப்படியானால் டிடிரெஸ்க்யூ என்ற நிரலைக் கையாளத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோக வேண்டும். அது நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துக்கொண்டு கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் இங்கும் அங்கும் தேடிக்கொண்டிருப்பது அதை விரைவாகக் கொல்லும்.

எவற்றை எடுக்கலாம்? வேர்டு ஆவணங்கள், எக்செல் தாள்கள், பிடிஎஃப், படங்கள், குரல் பதிவுகள். எவற்றைத் தொடக்கூடாது? இஎக்ஸ்இ, எஸ்சிஆர், விபிஎஸ், பிஏடி, எல்என்கே என்று முடியும் எதையும், ஆட்டோரன் என்ற பெயருள்ள கோப்பையும். சேமித்து வைத்த இணையப் பக்கங்களையும் விட்டுவிடுங்கள், அவற்றிலும் தொற்றும் வைரஸ்கள் உண்டு. 'முக்கியமான மென்பொருள், இனிக் கிடைக்காது' என்று மனம் அடித்துக்கொண்டாலும் நிறுவல் கோப்பு ஒன்றைக்கூட எடுக்காதீர்கள். முன்பு வைரஸ் திரும்பி வந்த வாசல் அதுதான். பெயரைப் பார்க்கும்போது கவனம் வேண்டும். விண்டோஸ் கோப்புப் பெயரின் வாலை மறைத்துவிடுவதால், வேர்டு சின்னத்தோடு 'பாடம்' என்று தெரிந்த ஒன்று உண்மையில் இஎக்ஸ்இயாக இருக்கலாம். லினக்ஸில் வால் முழுவதும் தெரியும்.

இனி நான் சொல்லப்போவதை எந்தக் கடைக்காரரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். ஏனென்றால் அவருக்குத் தமிழ் தட்டச்சு செய்து பழக்கமில்லை. சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்ற கோப்புறை இருக்கிறது. அதிலிருந்து பாமினியையும் நீங்கள் பயன்படுத்திய மற்ற எல்லாத் தமிழ் எழுத்துருக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஎஃப் என்று முடியும் சிறிய கோப்புகள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடில் அமைந்த எழுத்துரு அல்ல பாமினி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருக்கும் எழுத்துரு அது. கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. பாமினி இருக்கும்வரைதான் அது 'ஆராரோ' என்று தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவரின் கணினியை இப்படித்தான் முழுவதும் மாற்றிக் கொடுத்தேன். ஆவணம் ஒன்றுகூட விடாமல் எடுத்திருந்தேன், எழுத்துருவை எடுக்கவில்லை. அவர் வீட்டில் திறந்து பார்த்தபோது தன் தகப்பனார் வாழ்க்கையைப் பற்றி எழுதிய எண்பது பக்கமும் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தன. அவருடையது பாமினிகூட இல்லை, யாரோ தனியே செய்து கொடுத்த எழுத்துரு. அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்குள் அவர் பட்ட வேதனையை அருகிலிருந்து பார்த்தேன். அன்றிலிருந்து தமிழர் வீட்டுக் கணினியைத் தொட்டால் முதலில் நான் எடுப்பது எழுத்துருக்களைத்தான்.

நகலை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒன்று புதிய பென் டிரைவில், இன்னொன்று டிவிடியில். 2010-ஆம் ஆண்டுக் கணினி என்பதால் டிவிடி எழுதும் வசதி அதில் இருக்கும். ஒருமுறை எழுதும் வகை டிவிடியில் எழுதி முடித்துவிட்டால் எந்த வைரஸாலும் அதற்குள் நுழைய முடியாது. பென் டிரைவுக்கு இல்லாத பெருமை அது. மோன் மாநிலத்து மழைக்காலத்தில் டிவிடியில் பூஞ்சை பிடிக்கும், ஆகவே மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு வையுங்கள். பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. லினக்ஸில் நகலெடுத்து முடிந்துவிட்டதாகத் திரையில் காட்டினாலும் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும். 'வெளியேற்று' என்பதை அழுத்தி, 'இனி எடுக்கலாம்' என்று வரும்வரை தொடாதீர்கள். தெருவெல்லாம் 'மீ லாபி', மின்சாரம் வந்துவிட்டது, என்று பிள்ளைகள் கூவியதும் கணினியைப் போட்டு, மின்சாரம் மறுபடி போவதற்குள் முடித்துவிட வேண்டுமே என்ற அவசரம் எனக்கும் தெரியும். அந்த அவசரத்தில் பிடுங்கினால் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத கோப்புகள்தான் மிஞ்சும். கோவிலில் இன்வெர்ட்டர் இருந்தால் இந்த ஒரு நாளைக்கு அங்கே கொண்டுபோய்ச் செய்யுங்கள். நகலெடுத்தபின் பத்துப் பன்னிரண்டு கோப்புகளையாவது நகலிலிருந்தே திறந்து பாருங்கள், முக்கியமாகத் தாலாட்டுகளை.

டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு வேலை. லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரின்டரை இணைத்து ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை வேலை செய்யும். நம் ஊரில் பலரிடம் இருக்கும் கேனன் எல்பிபி 2900 மட்டும் லினக்ஸில் முரண்டு பிடிக்கும். அதற்குத் தனியே இயக்கி போட்டுப் போராட வேண்டியிருக்கும். உங்களுடையது அதுவாக இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். தேர்வுத் தாள் அச்சிட முடியாத கணினியை உங்கள் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை.

புதிய எஸ்எஸ்டியில் எதைப் போடுவது? விண்டோஸ் 10 என்று யாராவது சொல்லலாம். அதற்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, 2 ஜிபியில் அது தவழும். கிராக் செய்த விண்டோஸை வாங்காதீர்கள். உரிமத்தை ஏமாற்றும் அந்தச் சிறு நிரல்களில்தான் பாதி நோய்கள் பயணம் செய்கின்றன, புதுப்பிப்புகளும் நின்றுபோகும். நான் என் கையால் செய்வதாக இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇயைப் போடுவேன். உங்கள் விண்டோஸ் 32 பிட்டாக இருந்தாலும் கோர் 2 டுவோ 64 பிட் தாங்கும், ஆகவே கவலையில்லை. இதைவிடப் பழைய, 32 பிட் மட்டுமே தாங்கும் கணினி வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: டெபியன் 12-தான் 32 பிட் கணினியில் நேரடியாக நிறுவக்கூடிய கடைசி டெபியன், அதற்குமேல் ஆன்டிஎக்ஸ், பப்பி போன்றவற்றைத் தேட வேண்டும். உங்கள் மதர்போர்டுக்குப் பொருந்தும் பழைய நினைவகம் இன்னொரு 2 ஜிபி கைமாற்றாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், உலாவி மூச்சுவிடும்.

லினக்ஸில் பாமினி என்னாகும் என்று கேட்பீர்கள். எழுத்துருவை நிறுவி, வேர்டுக்குப் பதிலாக அங்கே உள்ள லிபர் ஆஃபீஸில் அதைத் தேர்ந்தெடுத்து, முன்பு எந்த விசைகளை அழுத்தினீர்களோ அவற்றையே அழுத்தினால் தமிழ் வரும். தமிழ் வடிவங்கள் எழுத்துருவுக்குள்ளேயே இருப்பதால் தனி மென்பொருள் தேவையில்லை. என்றாலும் என் ஆசை வேறு. பழைய பாடங்களை மெல்ல மெல்ல யூனிகோடுக்கு மாற்றுங்கள், அதற்கு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த நாடே ஸோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக மாறத் தொடங்கியது. அப்போது பர்மியப் பிள்ளைகள் பட்ட குழப்பத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் தமிழும் அதே படியைத்தான் ஏற வேண்டியிருக்கிறது. யூனிகோடாகிவிட்டால் உங்கள் தாலாட்டு ஒரு பிள்ளையின் கைப்பேசியிலும் எழுத்துருவைத் தேடாமல் திறக்கும். லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகையும் பர்மிய விசைப்பலகையும் இரண்டுமே உண்டு. ஒரே ஆவணத்தில் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் பர்மியமுமாகச் சொற்பட்டியல் தயாரிக்கலாம். இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு உதவும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

பழைய வேர்டு கோப்புகளுக்குள் மேக்ரோ வைரஸ் இருக்குமோ என்ற பயம் வேண்டாம். அவற்றை லிபர் ஆஃபீஸில் திறந்து, 'மேக்ரோவை இயக்கவா' என்று கேட்டால் எப்போதும் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். நகல்களைச் சோதித்துப் பார்க்க விரும்பினால் கிளாம்ஏவி என்ற இலவச நிரல் லினக்ஸில் இருக்கிறது. அது நோயைக் காட்டும், கோப்பைக் குணப்படுத்தாது. அது சந்தேகப்படும் கோப்பைத் தானாக அழிக்கும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள், பெயரைக் குறித்துக்கொண்டு திறந்து பார்த்து முடிவு செய்யலாம்.

கடவுச்சொற்களை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். அந்தக் கணினியில் பேஸ்புக்கையோ மின்னஞ்சலையோ திறந்திருந்தால், அவற்றின் கடவுச்சொற்கள் வெளியே போய்விட்டதாகவே எண்ணிக்கொண்டு இன்றே மாற்றுங்கள். கைப்பேசியிலிருந்து மாற்ற வேண்டும், அந்தக் கணினியிலிருந்து அல்ல. மாற்றியபின் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்தி, இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். கேபிஇசட் பே போன்ற கைப்பேசிப் பணக் கணக்குகளின் இரகசிய எண்ணை அந்தக் கணினியில் ஏதாவது கோப்பில் எழுதி வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பிள்ளைகளின் பென் டிரைவ்களை விட்டுவிட்டால் இவ்வளவும் வீண். உங்கள் கணினி லினக்ஸாகிவிட்டால் அந்தப் புழு அதில் ஓடாது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வகுப்பு வழியாக ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு சனிக்கிழமை எல்லோரையும் பென் டிரைவோடு வரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாக லினக்ஸில் திறந்து, உள்ளே இருக்கும் பாடங்களை எடுத்து வைத்து, பென் டிரைவை முழுவதும் ஃபார்மட் செய்து, பாடங்களைத் திரும்பப் போட்டுக் கொடுங்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகள் ஓடிஜி இணைப்பியை வைத்துக் கைப்பேசியிலேயே பென் டிரைவைத் திறந்து படிக்கலாம். விண்டோஸ் வைரஸ் ஆண்ட்ராய்டில் ஓடாது. ஆனால் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் ஸாப்யா வழியாக நண்பர்கள் அனுப்பும் செயலிகளைக் கைப்பேசியில் நிறுவ வேண்டாம் என்று பெரிய பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். கைப்பேசிக்கு அதன் சொந்த நோய்கள் உண்டு.

எஸ்எஸ்டி வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பேட்டரியையும் பென் டிரைவையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். நகலெடுக்கும் வேலை ஒரு பகல் பொழுது. பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் அதைச் செய்தித்தாளில் சுற்றாமல் குலுங்காத சிறு பெட்டியில் வைத்து, மேலே ஒரு காகிதம் ஒட்டுங்கள். கழற்றிய தேதியையும், 'வைரஸ் இருக்கிறது, விண்டோஸ் கணினியில் இணைக்காதீர்கள், பாடல்கள் உள்ளே' என்றும் தமிழிலும் பர்மியத்திலும் எழுதுங்கள். உங்களுக்குப் பின் அந்த அலமாரியைத் திறப்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போகலாம்.